பழைய பாணி பிளாட்ஃபார்ம் விளையாட்டுகளில் கிராபிக்ஸும் கலைநடையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓடுவது, தாவுவது, ஒரு திட்டிலிருந்து இன்னொரு திட்டுக்குப் போவது ஆகியவையே பிளாட்ஃபார்ம் விளையாட்டின் அடிப்படை. 1980களிலும் 1990களின் முற்பகுதியிலும் வீட்டுத் தொலைக்காட்சியில் ஓடிய அத்தகைய விளையாட்டுகளின் தோற்றத்தை மனத்தில் கொண்டு இன்று உருவாக்கப்படுபவற்றை இப்பக்கம் ‘பழைய பாணி’ என்று குறிப்பிடுகிறது. அவற்றில் படத்துக்கு எவ்வளவு மதிப்பு உண்டு என்பது பற்றி வழக்கமாக எழும் கேள்விகளும் அவற்றுக்கு என்னுடைய பதில்களும் கீழே உள்ளன.

கிராபிக்ஸ், கலைநடை இரண்டும் ஒன்றுதானா?

ஒன்றல்ல. கிராபிக்ஸ் என்று சொல்லும்போது பெரும்பாலோர் அளவைத்தான் நினைக்கிறார்கள்: திரையில் எத்தனை பிக்சல் (படத்தை ஆக்கும் சிறு புள்ளி), எத்தனை நிறம், ஒளியும் நிழலும் எவ்வளவு நுணுக்கமாகக் கணக்கிடப்படுகின்றன என்பவை அதில் அடங்கும். கலைநடை என்பது அந்த வசதிகளைக் கையில் வைத்துக்கொண்டு ஓவியர் எடுக்கும் முடிவுகளின் தொகுப்பு. உருவம் உருண்டையாக இருக்க வேண்டுமா, கூர்மையாக இருக்க வேண்டுமா, அதைச் சுற்றிக் கரைக்கோடு வேண்டுமா, எந்த நிறம் முன்னே வர வேண்டும், எது பின்வாங்க வேண்டும் என்பனவெல்லாம் அந்த முடிவுகள். பிகோ-8 என்பது மென்பொருளாக மட்டுமே இருக்கும் ஒரு விளையாட்டுக் கருவி. அதன் திரை 128×128 பிக்சல்; அடிப்படை நிறங்கள் 16. அதில் எழுதப்பட்ட இரண்டு விளையாட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கிராபிக்ஸின் அளவு இரண்டிலும் ஒன்றே. ஆனால் ஒன்றில் கண் உடனே பொருந்திவிடுகிறது; மற்றொன்றில் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் திணறுகிறது. அந்த வேறுபாடுதான் கலைநடை.

அப்படியானால் படம் முக்கியமா, இல்லையா?

கலைநடை மிக முக்கியம். கிராபிக்ஸின் அளவு அவ்வளவு முக்கியமன்று. இது என் சொந்த விருப்பத்தால் வந்த முடிவன்று; இந்த வகை விளையாட்டின் அமைப்பே அப்படிப்பட்டது. கதையை முன்வைத்து மெதுவாக நகரும் விளையாட்டில் விதிகளை எழுத்தில் சொல்லிவிடலாம். பிளாட்ஃபார்ம் விளையாட்டில் அதற்கு நேரம் கிடையாது. நொடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 தனிப்படங்கள், ஓடும் விளையாட்டில், திட்டின் விளிம்பை நெருங்கும் ஆட்டக்காரர் அரை நொடிக்குள் பல கேள்விகளுக்கு விடை கண்டாக வேண்டும். எதிரே தெரிவது நிற்கக்கூடிய தரையா, வெறும் பின்னணியா? அந்தக் கூர்முனை தொட்டால் உயிர் போகுமா? அந்தப் பூச்சியின் தலையில் மிதிக்கலாமா, ஒதுங்கிப் போக வேண்டுமா? இவை எல்லாவற்றுக்கும் விடை சொல்ல வேண்டியது படம் ஒன்றே. படம் தவறாகச் சொன்னாலும், சரியாகச் சொல்லி ஒரு கணம் தாமதித்தாலும், ஆட்டக்காரர் விழுகிறார். அப்படி விழுந்தவருக்கு அது தன் பிழை என்று தோன்றுவதில்லை. ஆட்டம் தன்னை ஏமாற்றிவிட்டது என்றே தோன்றுகிறது, மீண்டும் முயலும் மனமும் அதோடு போய்விடுகிறது.

அதனால்தான் இத்தகைய விளையாட்டின் படம் அழகாயிருக்கிறதா என்று கேட்பதற்கு முன், ஓடிக்கொண்டிருக்கும்போதே அதைப் படிக்க முடிகிறதா என்று கேட்கிறேன். நின்று நிதானித்துப் பார்க்கும் ஓவியத்துக்கு உரிய அளவுகோல் இங்கே உதவாது.

விளையாடச் சுகமாக இருந்தால் வெறும் கட்டங்களை வரைந்து வைத்தால்கூடப் போதாதா?

போதும் என்பதற்கு எடுத்துக்காட்டாக வழக்கமாகச் சொல்லப்படுவது, 2012இல் மைக் பித்தெல் வெளியிட்ட ‘தாமஸ் வாஸ் அலோன்’. அதன் கதைமாந்தர் எல்லோரும் ஒற்றை நிறச் செவ்வகங்கள். ஆனால் அங்கே கலைநடை இல்லை என்று சொல்வது தவறு. செவ்வகத்தின் உயரமும் அகலமும் நிறமும் அது எவ்வளவு தூரம் தாவும், எந்த இடுக்கில் நுழையும் என்பதைச் சொல்கின்றன. நெடியவனையும் குள்ளனையும் பார்த்தவுடனே அவரவர் இயல்பு பிடிபட்டுவிடுகிறது. டெர்ரி கவனா 2010இல் வெளியிட்ட ‘விவிவிவிவிவி’ விளையாட்டும் கமடோர் 64 கணினியின் தோற்றத்தை நினைவூட்டும் மிக எளிய படங்களைக் கொண்டதுதான். அதில் நாயகனின் முகத்தில் இருக்கும் சிரிப்பு, அவன் இறக்கும்போது வாய் கவிழ்ந்து வருத்தமாக மாறுகிறது. இவ்வளவு குறைவான பிக்சல்களில் அவன்மேல் நமக்குப் பரிவு வந்துவிடுகிறது.

படம் எளிமையாக இருப்பது வேறு, படத்தைப் பற்றி யோசிக்காமல் விட்டுவிடுவது வேறு. முன்னதை எடுத்துக்காட்டாகக் காட்டிப் பின்னதை நியாயப்படுத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை.

பழைய விளையாட்டுகள் ஏன் அப்படித் தோன்றின? அது கலைஞர்கள் விரும்பித் தேர்ந்ததா?

பெரும்பகுதி கருவியின் வரம்பு. மீதி அந்த வரம்புக்குள் கலைஞர்கள் கண்ட வழி. 1983இல் ஜப்பானில் ஃபாமிகாம் என்ற பெயரில் வந்து, பின்பு மற்ற நாடுகளில் என்.ஈ.எஸ். என்று அறியப்பட்ட, நின்டெண்டோ நிறுவனத்தின் விளையாட்டுக் கருவியை எடுத்துக்கொள்வோம். அதன் திரை 256×240 பிக்சல். எல்லாப் படங்களும் 8×8 பிக்சல் கொண்ட சிறு ஓடுகளாக, அதாவது டைல்களாக, அடுக்கப்பட வேண்டும். நகரும் உருவங்களான ஸ்பிரைட்டுகளில் ஒவ்வொரு துண்டுக்கும் மூன்று நிறங்கள்தாம். நான்காவது இடம் ஒளி ஊடுருவும் வெறுமைக்குப் போய்விடும். பின்னணியில் 16×16 பிக்சல் பரப்புக்கு ஒரு நிறத்தொகுதி மட்டுமே. எல்லாவற்றையும் கூட்டினால் ஒரே நேரத்தில் திரையில் தோன்றக்கூடியவை 25 நிறங்கள். ஒரு கிடைக்கோட்டில் எட்டு ஸ்பிரைட் துண்டுகளுக்கு மேல் வந்தால் மிஞ்சியவை மறைந்துவிடும். அவை ஒரேயடியாக மறையாமல் இருக்க நிரலாளர்கள் வரிசையை மாற்றி மாற்றி வரைந்தார்கள். எதிரிகள் கூட்டமாக வரும்போது உருவங்கள் மினுமினுத்ததற்கு அதுவே காரணம்.

இந்த நெருக்கடியில் எடுத்த முடிவுகள் எவ்வளவு கூர்மையானவை என்பதை மாரியோவின் உருவத்திலேயே காணலாம். 1981இல் ‘டாங்கி காங்’ விளையாட்டுக்காக ஷிகேரு மியாமோட்டோ அந்த உருவத்தை வரைந்தபோது தலைமுடியைக் காட்டப் பிக்சல் போதவில்லை, தொப்பி வந்தது. வாயை வரைய இடமில்லை, மூக்கும் முகத்தோடு கலந்துவிடக் கூடாது; மீசை வந்தது. ஓடும்போது கை வீசுவது உடலிலிருந்து பிரிந்து தெரிய வேண்டும். சட்டைக்கு ஒரு நிறம், மேலே அணியும் தோள்பட்டைக் காற்சட்டைக்கு இன்னொரு நிறம் என்று ஆனது. உலகம் முழுவதும் அறிந்த அந்த முகத்தின் ஒவ்வொரு அடையாளமும் ‘எப்படித் தெரியும்?’ என்ற கேள்விக்குக் கிடைத்த விடை.

1985இல் வந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ விளையாட்டை அடக்கிய கார்ட்ரிட்ஜின், அதாவது கருவியில் செருகும் பேழையின், கொள்ளளவு 40 கிலோபைட். அதில் வானத்து மேகமும் தரையிலுள்ள புதரும் ஒரே படம். நிறம் மட்டும் மாறும். பல ஆண்டுகள் விளையாடியவர்கள்கூட யாராவது சொன்ன பிறகே இதைக் கவனிக்கிறார்கள். 1987இல் வந்த ‘மெகா மேன்’ விளையாட்டில் நாயகனின் முகத்துக்கென்று தனி ஸ்பிரைட் ஒன்றை உடலின்மேல் பொருத்தினார்கள்; மூன்று நிறங்களுக்குள் நீலக் கவசத்தையும் தோல் நிறத்தையும் கண்ணின் வெண்மையையும் அடக்க முடியாததே அதற்குக் காரணம்.

அன்று தொலைக்காட்சியில் பார்த்ததும் இன்று கணினித் திரையில் பார்ப்பதும் ஒரே படம்தானா?

இல்லை, இதைப் பலர் கவனிக்கத் தவறுகிறார்கள். பழைய விளையாட்டுகள் சி.ஆர்.டி. எனப்படும் படக்குழாய்த் தொலைக்காட்சிக்காக வரையப்பட்டவை. அதில் பிக்சல்கள் இன்று தெரிவதுபோல் கூரிய சதுரங்களாகத் தெரியவில்லை. ஓரம் மழுங்கி, பக்கத்துப் பிக்சலோடு சற்றே கலந்து, கிடைக்கோடுகளுக்கிடையே மெல்லிய இருளோடு தெரிந்தன. என்.ஈ.எஸ். போன்ற கருவிகளில் அகலமும் சற்றுக் கூடுதலாக இருந்தது. 1991இல் சேகா நிறுவனத்தின் மெகா டிரைவ் கருவியில் வந்த ‘சோனிக் தி ஹெட்ஜ்ஹாக்’ விளையாட்டில் ஓர் அருவி வருகிறது. இன்றைய திரையில் அது செங்குத்துக் கோடுகளாகப் பிளவுபட்டுத் தெரியும். படம் முழுவதையும் ஒரே கம்பியில் அனுப்பிய அன்றைய காம்போசிட் இணைப்பில் அந்தக் கோடுகள் ஒன்றோடொன்று கலந்து, பின்னாலிருப்பதைக் காட்டும் தண்ணீர்ப் படலமாகத் தெரிந்தன. ஓவியர் வரைந்தது கோடுகளை. ஆட்டக்காரர் கண்டது தண்ணீரை.

ஆகவே ‘பழைய விளையாட்டு’ என்று இன்று நாம் நினைவில் வைத்திருக்கும் கூரிய சதுரப் பிக்சல் தோற்றம் பெரும்பாலும் பழைய கருவியைக் கணினியில் போலச்செய்யும் பிற்காலத்து எமுலேட்டர்களும் தட்டைத் திரைகளும் தந்தது. அதில் குறையொன்றும் இல்லை. அந்தக் கூர்மையே தனி அழகாக வளர்ந்துவிட்டது. ஆனால் அதைப் பழமையின் மாறாத உருவம் என்று நம்பிவிட வேண்டாம்.

அப்படியென்றால் பழைய திரையின் தோற்றத்தைப் போலச்செய்யும் சி.ஆர்.டி. ஃபில்டர் போட்டு விளையாட வேண்டுமா?

பழைய விளையாட்டுக்குப் போட்டுப் பாருங்கள். சில படங்களின் நோக்கம் அப்போதுதான் விளங்கும். புதிய விளையாட்டு கூரிய திரைக்கென்றே வரையப்பட்டிருந்தால் தேவையில்லை. திரையை மங்கலாக்கி, எதிரியின் ஓரம் தெரியாமல் செய்யும் ஃபில்டர் எதுவாயினும் நிறுத்திவிடுங்கள்.

இன்று உருவாக்கும் விளையாட்டு பழைய கருவியின் வரம்புகளை அப்படியே கடைப்பிடிக்க வேண்டுமா?

கட்டாயமில்லை. எந்த வரம்பை வைத்துக்கொள்கிறோம், எதைக் கைவிடுகிறோம் என்பதைத் தெரிந்து செய்ய வேண்டும். யாட் கிளப் கேம்ஸ் 2014இல் வெளியிட்ட ‘ஷவல் நைட்’ இதற்கு நல்ல பாடம். பார்த்தவுடன் என்.ஈ.எஸ். விளையாட்டு என்றே எண்ணத் தோன்றும். ஆனால் அதன் திரை அகலமானது. 400×240 பிக்சலை அடிப்படையாகக் கொண்டது. பழைய நிறத்தொகுதியில் இல்லாத சில நிறங்களையும் சேர்த்துக்கொண்டார்கள். பின்னணி பல அடுக்குகளாக வெவ்வேறு வேகத்தில் நகர்கிறது. ஸ்பிரைட் மினுமினுப்பு அறவே இல்லை. உண்மையான கருவியில் இவ்வளவும் நடக்காது. நினைவில் இருக்கும் கருவியில் நடக்கும். அந்த நினைவுக்கே அவர்கள் நேர்மையாக இருந்தார்கள்.

இதற்கு நேர்மாறான வழியில் போனது கேப்காம் 2008இல் வெளியிட்ட ‘மெகா மேன் 9’. இருபது ஆண்டுகளுக்கு முந்தைய எட்டு-பிட் தோற்றத்துக்கே, அதாவது என்.ஈ.எஸ். காலத்துத் தோற்றத்துக்கே, திரும்பிப் போனதோடு, விரும்பினால் பழைய மினுமினுப்பையும் வரவழைக்கும் தெரிவு ஒன்றையும் அதில் வைத்தார்கள். தெரிவாக வைத்தது பொருத்தம். அன்று யாரும் விரும்பி வாங்கிய அழகன்று மினுமினுப்பு; அதைக் கண்டு மகிழ்பவருக்குக் கொடுக்கலாம், எல்லோர் மேலும் சுமத்தக் கூடாது.

பிக்சல் கலையில் கண்ணை உறுத்தும் பிழை எது?

பிக்சலின் அளவு கலந்து கிடப்பதுதான். நாயகன் பெரிய சதுரங்களால் ஆனவன். அவன் கையிலுள்ள வாள் அதில் பாதியளவு சதுரங்களால் ஆனது. மேலே உயிர் எண்ணிக்கையைக் காட்டும் எழுத்து வழுவழுப்பாக இருக்கிறது. வெடிக்கும்போது சிதறும் துகள்கள் சாய்வாகத் திரும்பிச் சதுரத்தின் மூலை வெளியே நீட்டுகிறது. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் நன்றாகவே இருக்கும். ஒன்றாகச் சேர்ந்ததும் அவை ஒரே உலகத்தைச் சேர்ந்தவை என்ற நம்பிக்கை உடைந்துவிடுகிறது. வேண்டுமென்றே இப்படிக் கலந்து வெற்றி பெற்றவர்களும் இருக்கிறார்கள். ஆனால் பெரும்பாலான விளையாட்டுகளில் இது கவனக்குறைவால் நேர்வதே.

அடுத்தது, திரைக்கேற்பப் பெரிதாக்குவதில் நேரும் பிழை. 320×180 என்ற அளவில் வரைந்தால் ஒவ்வொரு பிக்சலையும் ஆறு மடங்காக்கினால் 1920×1080 திரை மிச்சமின்றி நிரம்பும்; 2018இல் வந்த ‘செலஸ்ட்’ அந்த அளவைத்தான் எடுத்துக்கொண்டது. மாறாக 256×224 என்ற அளவில் வரைந்ததை அதே திரையில் நான்கு மடங்காக்கினால் உயரம் 896தான் வரும். மேலும் கீழும் 92 பிக்சல் கறுப்பாக நிற்கும். அந்தக் கறுப்பு பிடிக்காமல் 4.8 மடங்காக இழுத்தால் சில பிக்சல் நான்கு அகலமாகவும் சில ஐந்து அகலமாகவும் ஆகிவிடும். நிலையான படத்தில் இது தெரியாது. திரை நகரத் தொடங்கியதும் தரையிலுள்ள செங்கற்கள் அலைபோல் நெளிவதைக் காண்பீர்கள். என்னைக் கேட்டால் கறுப்புப் பட்டையே மேல்.

படத்தின் நேர்த்தி முக்கியமா, அனிமேஷன் முக்கியமா?

இரண்டில் ஒன்றைத்தான் செய்ய நேரமுண்டு என்றால் தயங்காமல் அனிமேஷனைத் தேர்ந்துகொள்ளலாம். ஆனால் ஃபிரேம்கள் கூடினால் அனிமேஷன் சிறக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ விளையாட்டில் சின்ன மாரியோ ஓடுவதற்கு மூன்று ஃபிரேம். தாவுவதற்கு ஒன்றே ஒன்று. ஒரு கை உயர்ந்து, கால் அகன்று, அந்த ஒரே நிலையில் அவன் மேலே போய்க் கீழே வருகிறான். பொத்தானை அழுத்திய உடனே அந்த நிலை வந்துவிடுவதால் விரலுக்கும் உருவத்துக்கும் இடையே எதுவும் குறுக்கிடுவதில்லை.

1989இல் ஆப்பிள் 2 கணினிக்கு வந்த ‘பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா’வில் ஜோர்டன் மெக்னர் தன் தம்பி ஓடுவதையும் தாவுவதையும் வீடியோ எடுத்து, ஃபிரேம் ஃபிரேமாக அதன்மேல் வரைந்து உருவத்தை அமைத்தார். அசைவு உயிருள்ள மனிதனுடையது. ஆனால் எடுத்து வைத்த அடி முடிந்த பிறகே தாவ முடியும். ஓடுபவன் நிற்பதற்குச் சில அடி வேண்டும். அங்கே அந்தத் தாமதம் குறையன்று: ஒவ்வொரு அடியும் எண்ணி வைக்க வேண்டிய, விழுந்தால் எலும்பு முறியும் உடல் அது. அரண்மனைப் படுகுழிகளும் திறந்து மூடும் கத்திகளும் அந்த நிதானத்துக்கு ஏற்பவே வைக்கப்பட்டிருக்கின்றன. அதே அனிமேஷனை மாரியோவின் உலகில் வைத்தால் முதல் குழியையே தாண்ட முடியாது. அசைவின் நடையும் ஆட்டத்தின் வேகமும் ஒன்றுக்கொன்று அளவெடுத்துத் தைத்தவையாக இருக்க வேண்டும்.

சிறு நுட்பங்கள் பெரிய பலன் தரும். தாவும் கணத்தில் உருவத்தைச் சற்று நீட்டி ஒல்லியாக்குவதும், தரையில் இறங்கும் கணத்தில் சற்று நசுக்கி அகலமாக்குவதும் சில ஃபிரேம்களே நீடிக்கும். ஆட்டக்காரர் அதைக் கண்டதாகச் சொல்லமாட்டார். நீக்கிவிட்டுக் கொடுத்துப் பாருங்கள்; ‘கட்டுப்பாடு மந்தமாகிவிட்டது’ என்பார். நிரலில் ஓர் எண்ணைக்கூட மாற்றியிருக்கமாட்டீர்கள்.

படத்தில் தொடாதபோதும் அடிபடுவது ஏன்?

கண்ணுக்குத் தெரியும் உருவம் வேறு, மோதலைக் கணக்கிட நிரல் வைத்திருக்கும் பெட்டி வேறு. அந்தப் பெட்டியையே ஹிட்பாக்ஸ் என்கிறார்கள். பெட்டி உருவத்தைவிடப் பெரிதாக இருந்தால் முள்ளுக்கும் காலுக்கும் இடையே வெளிச்சம் தெரியும்போதே உயிர் போய்விடும். நல்ல விளையாட்டுகளில் நாயகனின் பெட்டி உருவத்தைவிடச் சிறியதாக இருக்கும். தலைமுடியும் பறக்கும் துணியும் கணக்கில் வராது. மயிரிழையில் தப்பினோம் என்று ஆட்டக்காரர் நம்பும் பல தருணங்களில், படத்தின்படி பார்த்தால் அவர் தொட்டேவிட்டிருப்பார். ஓவியரும் நிரலாளரும் சேர்ந்து உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டிய செய்தி இது. பெரும்பாலும் தனித்தனியே செய்து பிறகு அவதிப்படுகிறார்கள்.

நிறங்கள் எவ்வளவு முக்கியம்?

என் பார்வையில், மற்ற எல்லாவற்றையும்விட. ‘செலஸ்ட்’ விளையாட்டின் நாயகி மேடலின் காற்றில் ஒருமுறை பாய்ந்து செல்ல முடியும். பொதுவாகத் தரையைத் தொட்ட பிறகே மறுமுறை பாயலாம். பாய்ச்சல் கைவசம் இருக்கும்போது அவள் தலைமுடி சிவப்பு, தீர்ந்ததும் நீலம். திரையின் மூலையில் அளவுகோல் இல்லை, எண் இல்லை, மணியோசை தேவையில்லை. ஆட்டக்காரரின் கண் எப்படியும் அவள்மேல்தான் இருக்கும். செய்தியும் அங்கேயே இருக்கிறது. இந்த விளையாட்டின் முதல் வடிவத்தை மேடி தோர்சனும் நோயல் பெரியும் 2015இல் பிகோ-8 கருவிக்காக நான்கு நாளில் செய்தார்கள். 16 நிறங்களும் விரல்நுனி அளவு உருவமும் மட்டுமே இருந்த அந்த வடிவத்திலும் முடி சிவப்பிலிருந்து நீலமாக மாறியது. பின்பு பெரிய விளையாட்டாக வளர்ந்து, மலையும் பனியும் காற்றும் இசையும் சேர்ந்தபோதும், இந்த ஒரு முடிவை அவர்கள் மாற்றவில்லை. கிராபிக்ஸின் அளவு பல மடங்கு கூடியது. ஆட்டக்காரரோடு படம் பேசும் மொழி அப்படியே இருந்தது. இந்தப் பக்கத்தில் நான் சொல்ல விரும்புவது எல்லாம் அந்தத் தலைமுடியில் இருக்கிறது.

நிறத்தை மட்டும் நம்பி நிற்பதும் கூடாது. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதவர்கள் கணிசமாக இருக்கிறார்கள், ஆண்களிடையே அதிகமாக. பச்சைத் திட்டில் நிற்கலாம், சிவப்புத் திட்டு உயிரை வாங்கும் என்று நிறத்தால் மட்டும் வேறுபடுத்தினால் அவர்களுக்கு இரண்டும் ஒன்றே. ஆபத்தானதற்குக் கூர்முனையும் பாதுகாப்பானதற்கு மழுங்கிய ஓரமும் கொடுத்துவிட்டால் நிறம் தெரியாவிட்டாலும் வடிவம் சொல்லிவிடும். திரையைக் கறுப்பு வெள்ளையாக மாற்றி ஓர் அறையை விளையாடிப் பார்ப்பது எளிய சோதனை. அங்கே நாயகன் பின்னணிக்குள் கரைந்து போனால் நிறத்தைவிட வெளிச்ச வேறுபாட்டில்தான் கோளாறு.

பின்னணி அழகாக இருந்தால் கெடுதலா?

கெடுதலாகும் இடமும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நண்பர் ஒருவர் ஒரு விளையாட்டை முதன்முறையாக ஆடுவதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். காட்டுக்குள் நடக்கும் கட்டம். இலைகளுக்கிடையே வெயில் இறங்குவதை மிக அருமையாக வரைந்திருந்தார்கள். முன்னே நிற்கக்கூடிய கிளைகளும் பின்னணியிலுள்ள கிளைகளும் ஒரே பழுப்பு, ஒரே மினுக்கம். அவர் பின்னணிக் கிளை ஒன்றை நோக்கித் தாவி அதன் ஊடாகவே கீழே விழுந்தார். மறுபடியும் தாவினார், மறுபடியும் விழுந்தார். மூன்றாவது முறை, நிற்கக்கூடிய கிளை எதிரே இருந்தும் அதன்மேல் தாவத் தயங்கினார். படத்தின்மேல் அவருக்கிருந்த நம்பிக்கை அங்கே முறிந்துவிட்டது. அந்தக் கட்டத்தோடு அவர் நிறுத்திக்கொண்டார்; எனக்கு அந்த ஓவியரை நினைத்து வருத்தமாக இருந்தது.

பின்னணியின் நிறத்தைச் சற்று வெளிறச் செய்து, ஓரங்களை மழுக்கி, நிற்கும் தரையின் மேல்விளிம்பில் மட்டும் ஒரு வெளிச்சக் கோடு கொடுத்திருந்தால் தீர்ந்திருக்கும். மெகா டிரைவிலும், என்.ஈ.எஸ்.ஸுக்கு அடுத்து வந்த சூப்பர் நின்டெண்டோவிலும் பின்னணி அடுக்குகள் தனித்தனி வேகத்தில் நகர முடிந்தது வெறும் அலங்காரமன்று. தொலைவில் இருப்பது மெதுவாக நகர்வதால், எது எட்டாத தூரத்தில் இருக்கிறது என்பதைக் கண் தானே பிரித்துக்கொள்கிறது.

மறைப்பதையே நோக்கமாகக் கொண்ட விளையாட்டுகளும் உள்ளன. 2010இல் பிளேடெட் வெளியிட்ட ‘லிம்போ’ முழுவதும் கருநிழல் உருவங்களால் ஆனது. கரிய தரையில் கரிய பொறி கிடக்கும், சிறுவன் அதில் சிக்கி மாள்வான். அங்கே தெரியாமல் சாவதே அந்த உலகத்தின் அச்சம். சாவுக்கும் மறுதொடக்கத்துக்கும் இடையே வெகு தூரம் பின்னே தள்ளாததால் அது பொறுத்துக்கொள்ளத்தக்கதாகிறது.

பழைய பாணி என்றால் பிக்சல் கலைதான் இருக்க வேண்டுமா?

இல்லை. 2017இல் வந்த ‘கப்ஹெட்’ 1930களின் கார்ட்டூன் படங்களைப்போல் காகிதத்தில் கையால் வரைந்த அனிமேஷனைக் கொண்டது. ஆனால் அதன் ஆட்டமுறை பழைய ஓடிச் சுடும் விளையாட்டுகளின் நேரடி வாரிசு. 2010இல் வந்த ‘சூப்பர் மீட் பாய்’ விளையாட்டிலும் பெரும்பகுதி வழுவழுப்பாக வரைந்த படம்தான். அதில் நாயகன் தொட்ட சுவரிலும் தரையிலும் சிவப்புக் கறை படிந்துவிடும்; இறந்து மீண்டு வரும்போது முந்தைய முயற்சியில் எங்கே தொட்டோம் என்பது கண்ணெதிரே இருக்கும். அலங்காரமாகத் தோன்றும் அந்தக் கறை வழிகாட்டியாகவும் இருக்கிறது.

வரலாற்றிலிருந்தே ஓர் இணையைச் சொல்லலாம். 1994இல் ‘டாங்கி காங் கன்ட்ரி’ விலையுயர்ந்த சிலிக்கான் கிராபிக்ஸ் கணினிகளில் முப்பரிமாண உருவங்களை ஆக்கி, அவற்றைப் படமாக்கிச் சூப்பர் நின்டெண்டோவுக்குள் கொண்டு வந்தது, பார்த்தவர்கள் வியந்தார்கள். மறு ஆண்டு அதே கருவியில் வந்த ‘யோஷிஸ் ஐலண்ட்’, சிறுவர்கள் மெழுகு வண்ணக் குச்சியால் கிறுக்கியதுபோன்ற தோற்றத்தை எடுத்துக்கொண்டது. முன்னது அன்றைய கிராபிக்ஸின் உச்சியைத் தொட்டது. அந்த உச்சி வெகு விரைவில் தாண்டப்பட்டது. பின்னது யாரோடும் போட்டி போடவில்லை; இன்று பார்க்கும்போதும் அதன் கோடுகள் நேற்று வரைந்தவைபோல் இருக்கின்றன. இரண்டும் நல்ல விளையாட்டுகளே. முதுமை தட்டாதது எது என்று கேட்டால் நான் ‘யோஷிஸ் ஐலண்ட்’ பக்கம் நிற்பேன்.

பிக்சல் கலை எளிது, செலவும் குறைவு என்பது உண்மையா?

தொடங்குவது எளிது, முடிப்பது எளிதன்று. 16×16 பிக்சல் உருவத்தில் மொத்தம் 256 புள்ளிகள். அதில் ஒரு புள்ளியை இடம் மாற்றினால் கண் மூடிக்கொள்ளும், அல்லது முகவாய் உடைந்துவிடும். ஒவ்வொரு புள்ளியும் அவ்வளவு எடை தாங்குகிறது. உருவம் பெரிதாகப் பெரிதாக வேலை பன்மடங்காகும், ஏனெனில் ஒவ்வொரு ஃபிரேமையும் தனியே திருத்த வேண்டும். டைசுகே அமாயா 2004இல் இலவசமாக வெளியிட்ட ‘கேவ் ஸ்டோரி’யின் படம், நிரல், இசை மூன்றையும் தனியொருவராகச் செய்ய ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் எடுத்துக்கொண்டார். 2016இல் வெளிவந்த ‘ஆவுல்பாய்’ விளையாட்டின் செறிவான பிக்சல் ஓவியங்களுக்குப் பின்னால் ஒன்பது ஆண்டுக்கால உழைப்பு இருக்கிறது.

இளமையில் அந்தக் கருவிகளை அறியாதவர்களுக்கு இந்தத் தோற்றத்தில் என்ன சுவை?

பழைய நினைவு ஒருவரை விளையாட்டின் வாசல்வரை அழைத்து வரும். உள்ளே இருக்கவைப்பது அதுவன்று. பழைய கருவியைத் தொட்டே பார்க்காத சிறுவர்கள் ‘செலஸ்ட்’ விளையாட்டை ஆடுகிறார்கள். அவர்களுக்குப் பிக்சல் என்பது ஓவியம், சிற்பம்போல் இன்னொரு கலை ஊடகம். குறைவாக வரைந்து மீதியைப் பார்ப்பவர் மனத்துக்கு விட்டுவிடும் அதன் இயல்பு யாருக்கும் பிடிபடக்கூடியது. பழைய விளையாட்டுகளைச் சுட்டும் குறிப்புகளை மட்டுமே நம்பிச் செய்யப்பட்டவைதாம் புதியவர்களை வெளியே நிறுத்திவிடுகின்றன.

நான் ஒரு விளையாட்டை உருவாக்கத் தொடங்குகிறேன். படத்தில் எப்போது கை வைப்பது?

முதலில் சாம்பல் நிறக் கட்டங்களை வைத்துத் தாவுவதைச் சரிசெய்யுங்கள். வெறும் கட்டமே தாவுவதற்குச் சுகமாக ஆகும்வரை ஓவியத்துக்குப் போக வேண்டாம். பிறகு மூன்றே மூன்றைத் தீர்மானியுங்கள்: நாயகனுக்கு மட்டுமே உரிய ஒரு நிறம், உயிரை வாங்குவதற்கு மட்டுமே உரிய ஒரு வடிவம், நிற்கக்கூடிய தரையின் மேல்விளிம்பு எப்படித் தெரியும் என்பது. அடிப்படைப் பிக்சல் அளவையும் அப்போதே முடிவு செய்து, பிறகு எக்காரணம் கொண்டும் மாற்றாதீர்கள். இந்த அடிப்படையில் ஒரே ஓர் அறையை முழுமையாக, வெளியிடும் தரத்தில் வரைந்து முடியுங்கள். இருபது அறைகளை அரைகுறையாக வரைவதைவிட இது பல தவறுகளை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும்.

அந்த அறையை, விளையாட்டைப் பற்றி எதுவும் சொல்லாமல், இதுவரை பார்த்திராத ஒருவர் கையில் கொடுங்கள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, வாயைத் திறக்காமல், அவர் எங்கே தாவத் தயங்குகிறார் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அவர் விழுந்த இடங்களைத் திருத்த வேண்டியவர் பெரும்பாலும் நிரலாளர். தயங்கிய இடங்களைத் திருத்த வேண்டியவர் ஓவியர்.